மார்பகப் பரிசோதனையில் வெளிச்சம்: நல்ல கருவி, தப்பான வேலை

கரண்ட் போன ராத்திரியில் டார்ச் லைட்டை எரியவிட்டு, அதன் முகப்பை உள்ளங்கையால் மூடிப் பார்க்காத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். விரல் இடுக்குகள் செக்கச் சிவப்பாக ஒளிரும். "உள்ளே இருக்கும் இரத்தம் தெரிகிறது" என்று அந்த வயதில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் உண்டு. அது பாதி உண்மை. டார்ச்சிலிருந்து போவது வெள்ளை வெளிச்சம். அதிலுள்ள நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பித்து மறுபக்கம் வருகிறது.

அந்தச் சிவப்பையும் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதுதான் அண்மை அகச்சிவப்பு ஒளி. சுமார் 650 நானோமீட்டரிலிருந்து 950 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை இரத்தம் குறைவாகத்தான் உறிஞ்சும். அதற்கு மேலே போனால் உடம்பிலுள்ள தண்ணீர் உறிஞ்சத் தொடங்கிவிடும். இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே திறந்து கிடக்கும் ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னல் வழியாகச் சில சென்டிமீட்டர் ஆழம் வரை உடம்புக்குள் எட்டிப் பார்க்கலாம். எலும்பு குறுக்கே இல்லாத, மென்மையான, இரண்டு பக்கமிருந்தும் அணுகக்கூடிய உறுப்பு என்றால் இன்னும் வசதி. அதனால்தான் மார்பகக் கட்டிகளைக் கண்டுபிடிக்க வெளிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது.

"எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை, அழுத்தி நசுக்குவது இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு" என்று சொல்லிக்கொண்டு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது ஒரு ஒளிக்கருவியைக் கொண்டு வருகிறார்கள். பத்திரிகைகளும் "மேமோகிராமுக்கு விடை கொடுக்கும் நேரம்" என்று எழுதிவிடும். இதை நம்புவதற்கு முன்னால் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இது புதுக் கதையே இல்லை.

1929 இல் நியூயார்க்கில் மாக்ஸ் கட்லர் என்ற டாக்டர் இதைச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். இருட்டறை, பலமான விளக்கு, மார்பகத்துக்குக் கீழே விளக்கு, மேலே டாக்டரின் கண். அவ்வளவுதான். நீர் நிரம்பிய கட்டி வெளிச்சத்தை விட்டுவிடும், திடமான கட்டி மறைக்கும், இரத்தம் தேங்கிய இடம் கருப்பாகத் தெரியும் என்று அவர் கவனித்தார். ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் விளக்கு சுடும். தோல் தாங்குகிற சூட்டுக்குள் வேலையை முடிக்க வேண்டும். எல்.ஈ.டி. இல்லாத காலம், பாவம்!

பிறகு இந்த யோசனை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தூங்கியது. 1970களில் பிரான்சில் சார்ல் க்ரோ என்பவரின் குழு அதைத் தட்டி எழுப்பியது. (இந்த க்ரோதான் 1960களில் மார்பகத்துக்கென்றே தனி எக்ஸ்ரே எந்திரம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். இரண்டு போட்டியாளர்களுக்கும் ஒரே தாய்மாமன் என்பது போல!) அகச்சிவப்பைப் பதிவு செய்யும் ஃபிலிம், அப்புறம் வீடியோ கேமரா என்று கருவி வளர்ந்தது. 1980களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல கம்பெனிகள் விற்பனையில் இறங்கின. அதன்பின் யாரோ ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள்: ஒரே பெண்ணை இரண்டு முறையிலும் பரிசோதித்தால் எது அதிகம் கண்டுபிடிக்கிறது? ஸ்வீடனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தன. 1990 இல் வெளியான முடிவில் வெளிச்சம் தெளிவாகத் தோற்றது. அத்தோடு அந்தத் தலைமுறைக் கருவிகளின் வியாபாரம் படுத்தது.

ஏன் தோற்றது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எக்ஸ்ரே நேர்கோட்டில் போகும். அதனால் நிழல் கூர்மையாக விழும். உடம்புக்குள் போகும் ஒளி அப்படிப் போகாது. கொழுப்பு, நார், செல் என்று எதில் மோதினாலும் திசை மாறும். மார்கழி மாதப் பனியில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் வருவது தெரியும். அது ஒரு விளக்கா இரண்டு விளக்கா என்பது தெரியாது. மார்பகத்துக்குள்ளும் அதே கதைதான். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி அந்த மூட்டத்தில் கரைந்துவிடும். ஆனால் ஸ்கிரீனிங் என்பதே கைக்குத் தட்டுப்படாத சிறிய கட்டியைப் பிடிப்பதற்காகத்தான். மேமோகிராமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சுண்ணாம்புத் துகள்களைக்கூடக் காட்டும். பால் நாளங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பகாலப் புற்றுநோய் பல நேரம் அந்தத் துகள்களை வைத்துத்தான் பிடிபடுகிறது. வெளிச்சத்துக்கு அந்தத் துகள்கள் இருப்பதே தெரியாது.

அப்படியானால் வெளிச்சத்தால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. பெரிய பிரயோஜனம் இருக்கிறது. ஆனால் அது வேறு வேலையில்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அது வேலை செய்வது இதே ஜன்னல் வழியாகத்தான். ஜப்பானைச் சேர்ந்த டகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1974 இல் அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். (உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.) ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒரு விதமாகவும், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் வேறு விதமாகவும் ஒளியை உறிஞ்சும். 660 நானோமீட்டரில் ஒன்று, 940 நானோமீட்டரில் ஒன்று என இரண்டு நிற ஒளியை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். 1977 இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் யோப்சிஸ் இதே தத்துவத்தை வைத்து, மண்டை ஓட்டைத் திறக்காமலேயே மூளையின் ஆக்சிஜனை அளக்கலாம் என்று காட்டினார்.

புற்றுக்கட்டி வளர வேண்டுமானால் அதற்குத் தீனி வேண்டும். தீனி வர இரத்தக் குழாய் வேண்டும். கட்டி தனக்கென்று புது இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது என்று 1971 இல் ஜூடா ஃபோக்மன் எழுதியபோது பலரும் சிரித்தார்கள். பிறகு அது பாடப்புத்தகத்துக்கே போய்விட்டது. ஆக, கட்டி இருக்கும் இடத்தில் இரத்தம் கூடுதலாக இருக்கும். தண்ணீர் கூடும். கொழுப்பு குறையும். இவை எல்லாவற்றுக்கும் இந்த ஜன்னலுக்குள் தனித்தனிக் கையெழுத்து உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் பிரிட்டன் சான்ஸ் போன்றவர்கள் ஒளி உடம்புக்குள் சிதறும் விதத்தையே கணக்கில் எடுத்து, 'மூட்டத்தை'ச் சமன்பாடாக்கினார்கள். (இந்த மனிதர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர்! சிலருக்கு மட்டும் ஒரு நாளைக்கு 48 மணி நேரம் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.) பல இடத்தில் ஒளியை அனுப்பி, பல இடத்தில் அளந்து, கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்த்தால், இந்த இடத்தில் இவ்வளவு இரத்தம், இவ்வளவு ஆக்சிஜன் என்று ஒரு வரைபடம் கிடைக்கும். கட்டியின் உருவத்தை அது கூர்மையாகக் காட்டாது. கட்டி எப்படி 'வாழ்கிறது' என்பதைக் காட்டும்.

உருவத்தைத் தேடும் வேலைக்கு உருவம் தெரியாத கருவியை அனுப்பியதுதான் 1980களில் நடந்த தப்பு. வேடிக்கை என்னவென்றால் அதே தப்பை இன்றைக்கும் செய்யத் துடிக்கிறார்கள். ஏன்? இதற்கான விடை இயற்பியலில் இல்லை, சந்தையில் இருக்கிறது.

ஸ்கிரீனிங் என்றால் நோயே இல்லாத பெண்களையும் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ பரிசோதிப்பது. வாடிக்கையாளர் எண்ணிக்கை கோடிக்கணக்கில் வரும், அதுவும் திரும்பத் திரும்ப வரும். முதலீட்டாளர்களிடம் காட்டுவதற்கு இதைவிட அழகான எண் கிடைக்குமா? ஃபுளோரிடாவில் ஒரு கம்பெனி லேசர் கொண்டு மார்பகத்தைப் படமெடுக்கும் எந்திரத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பங்குகள் விற்றுப் பணம் திரட்டியது. கடைசிவரை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் அந்த எந்திரத்துக்குக் கிடைக்கவில்லை. பங்கு வாங்கியவர்கள் இழந்தது பணம். அது போனால் போகட்டும், பங்குச் சந்தை என்றால் அப்படித்தான். பரிசோதனை செய்துகொள்ளும் பெண் எதை இழப்பாள் என்பதுதான் கேள்வி.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1000 பெண்கள் வருகிறார்கள், அவர்களில் 5 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி 80 சதவீதம் சரி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. 5 பேரில் 4 பேரைப் பிடித்துவிடும். மீதி 995 பேரில் 20 சதவீதம், அதாவது 199 பேரிடம், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லும். ஆக "சந்தேகம்" என்று அனுப்பப்படும் 203 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 4 பேர். அந்த 199 பேரும் ராத்திரி தூங்காமல், நகையை அடகு வைத்து, ஸ்கேன், ஊசி என்று அலைவார்கள். இது ஐந்தொகையில் ஒரு பக்கம். மறுபக்கத்தில் ஒரே ஒருத்தி நிற்கிறாள். கருவி தவறவிட்ட ஐந்தாவது பெண். அவளிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்துக் கையில் ஏதோ தட்டுப்பட்டாலும், "அதான் அன்றைக்கே பார்த்தாச்சே" என்று இருந்துவிடுவாள்.

அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளை ஆபத்தைப் பொறுத்து மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். மார்பகத்தை ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவியை அதில் மூன்றாம் வகுப்பில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள வகுப்பில் வைத்திருக்கிறார்கள். இதயத்தில் பொருத்தும் பேஸ்மேக்கர் இருக்கும் அதே வகுப்பு! ஒரு விளக்குக்கு இவ்வளவு கெடுபிடியா என்று சிரிப்பு வரலாம். அந்த விளக்கால் யாருக்கும் சூடுகூடப் படாது. தீங்கு செய்வது வெளிச்சம் இல்லை, "ஒன்றுமில்லை" என்ற அந்த ஒரு வார்த்தை. அதை மனதில் வைத்து வகுப்பு பிரித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பிரிட்டனில் 2010 வாக்கில் பெண்கள் வீட்டிலேயே இருட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிவப்பு விளக்கு ஒன்று மருந்துக்கடைகளில் விற்பனைக்கு வந்தது. இப்போதும் இணையக் கடைகளில் தேடினால் அதுபோலப் பல கிடைக்கும். கட்லர் 1929 இல் டாக்டரின் கண்ணை வைத்துக்கொண்டு தடுமாறிய வேலையை, பயிற்சி இல்லாத கண்ணிடம் ஒப்படைக்கிறார்கள். கடையில் விற்கிறதே என்று வாங்காதீர்கள். வாங்கினாலும் அது "ஒன்றுமில்லை" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். தெர்மோகிராஃபி என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் "அகச்சிவப்பு" என்றுதான் பெயர். ஆனால் அது வெளியிலிருந்து ஒளியை அனுப்புவதில்லை. உடம்பின் மேற்பரப்பிலிருந்து வரும் வெப்பத்தைப் படமெடுக்கிறது. இது வேறு, அது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்டி மற்றதை விற்க வசதியாகப் போய்விடுகிறது. தெர்மோகிராஃபி மேமோகிராமுக்கு மாற்று இல்லை என்று எஃப்.டி.ஏ. 2011, 2017, 2019 என்று மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்கிறது.

"சரி, எல்லாருக்கும் மேமோகிராம் என்பது நம் நாட்டில் நடக்கிற காரியமா? இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2022 இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் மதிப்பீடுகள் சொல்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. மேலை நாடுகளைவிட நம் பெண்களுக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் முன்னதாகவே இந்த நோய் வருகிறது. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். அடர்த்தியும் கட்டியும் மேமோகிராமில் ஒரே வெள்ளையாகத் தெரியும். ஆக மேமோகிராமுக்கும் இங்கே குறை உண்டுதான்.

ஆனால் இலுப்பைப்பூ ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர் கை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998 இல் தொடங்கி இருபது ஆண்டுகள் ஒரு ஆய்வை நடத்தியது. 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 1,51,000 பெண்கள். பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். டாக்டர்கூட இல்லை, எந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. 2021 இல் வெளியான முடிவுப்படி 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் 15 சதவீதக் குறைவு, ஆனால் அது புள்ளியியல்படி உறுதியானது அல்ல. 50க்குக் கீழே பலன் தெரியவில்லை. குறையோடுதான் சொல்கிறது, இருந்தாலும் இருபது ஆண்டு சாட்சியோடு சொல்கிறது. எந்த ஒளிக்கருவி வந்தாலும் முதலில் இந்தக் கையோடு போட்டி போட்டு ஜெயிக்கட்டும். மேமோகிராம் இல்லாத ஊரில் போட்டி மேமோகிராமோடு இல்லை, கையோடுதான். ஜெயிக்காவிட்டால் அந்தப் பணத்தில் இன்னும் நாலு செவிலியருக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

இனி வெளிச்சத்துக்கு ஏற்ற வேலைக்கு வருவோம். நம் ஊர்களில் பல பெண்கள் கட்டி பெரிதான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கப் பார்ப்பது வழக்கம். மாதக்கணக்கில் நடக்கும். முடி கொட்டும், வாந்தி, கூலி வேலைக்குப் போக முடியாது. மருந்து கேட்கிறதா இல்லையா என்பது எப்போது தெரியும்? கட்டி சுருங்க ஆரம்பித்தால் தெரியும். அதற்குச் சில வாரங்களாவது ஆகும். ஒவ்வொரு முறையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க எத்தனை பேரால் முடியும்?

கட்டி இருக்கும் இடம் இங்கே ஏற்கெனவே தெரியும். தேட வேண்டியதில்லை. உருவம் மூட்டமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. தெரிய வேண்டியது அதன் இரத்தமும் ஆக்சிஜனும் மாறுகின்றனவா என்பதுதான். இதுவல்லவா வெளிச்சத்தின் சொந்த ஊர்! கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ட்ராம்பெர்க் குழுவினர் கையில் பிடிக்கும் ஒரு கருவியால் இதைச் செய்தார்கள். மருந்து கேட்ட பெண்களின் கட்டியில் முதல் கீமோவுக்கு மறுநாளே ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் திடீரென்று கூடியதாக 2011 இல் வெளியிட்டார்கள். இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெண்களிடம் பார்த்தது, ஆகவே துள்ளிக் குதிக்க வேண்டாம். அடுத்து பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2016 இல் வெளியானது. 60 பேர் சேர்ந்தார்கள், 34 பேரின் அளவுகள்தான் கணக்கிடும்படி இருந்தன. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொடக்கத்திலேயே கட்டியில் ஆக்சிஜன் அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் பார்த்தபோது கணிப்பு நன்றாக இருந்தது. அதாவது, கதவு திறக்கவில்லை, ஆனால் பூட்டப்படவும் இல்லை. இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். அதுவும் கட்டி பெரிதாகி வருகிற பெண்கள் நிறைய உள்ள நாட்டில் நடந்தால் சீக்கிரம் விடை கிடைக்கும். அந்த நாடு எது என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முதலீடு வராததற்குக் காரணம் எளிது. கீமோ எடுக்கும் பெண்கள் கோடிக்கணக்கில் இல்லை. சந்தை சிறியது. சந்தை சிறியதாக இருக்கும் இடத்தில்தான் அரசுப் பணத்துக்கு வேலை.

வெளிச்சத்தோடு ஒலியையும் கூட்டுச் சேர்த்த ஒரு முறையும் இருக்கிறது. 1880 இல் டெலிபோன் புகழ் கிரஹாம் பெல், விட்டுவிட்டு விழும் வெளிச்சம் பொருள்களில் ஒலி எழுப்புவதைக் கண்டார். அதையே லேசரால் செய்கிறார்கள். லேசர் துடிப்பு இரத்தத்தைத் துளி சூடாக்கும், சூடானது விரியும், விரியும்போது ஒலி எழும், அந்த ஒலியை அல்ட்ராசவுண்ட் கருவி கேட்கும். ஒலி வெளிச்சத்தைப் போலச் சிதறாது, ஆகவே படம் தெளிவு. இப்படிப்பட்ட 'இமேஜியோ' என்ற கருவிக்கு 2021 ஜனவரியில் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கிடைத்தது. எதற்கு? ஸ்கிரீனிங்குக்கு அல்ல. ஏற்கெனவே கண்டுபிடித்த கட்டி நல்லதா கெட்டதா என்று கணிக்க உதவுவதற்கு. சாதாரணக் கட்டியைச் சாதாரணம் என்று சரியாகச் சொல்லும் அளவு, அல்ட்ராசவுண்ட் மட்டும் இருந்தபோது சுமார் 28 சதவீதம். இது சேர்ந்தபோது 43. வேண்டாத ஊசிகள் குறையும். ஆனால் புற்றைப் புற்று என்று சொல்வது 98.6 இலிருந்து 96 ஆகக் கொஞ்சம் இறங்கியது. விளம்பரத்தில் முதல் எண்ணை மட்டும் போடுவார்கள், இரண்டாவதையும் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

கேட்டு வாங்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பல்ஸ் ஆக்சிமீட்டர் கருப்புத் தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டுவதை 2020 டிசம்பரில் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்டார்கள். உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி "சரி" என்று சொன்னது வெள்ளையர்களைவிடக் கருப்பினத்தவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அயோயாகி கண்டுபிடித்து 46 ஆண்டுகள் கழித்து, கொரோனாவில் ஆயிரக்கணக்கானோர் அந்த எண்ணை நம்பிப் படுத்திருந்த நேரத்தில், இந்தப் பேச்சு பெரிதாக எழுந்தது. மார்பகத்துக்குப் போகும் ஒளியும் முதலில் தோலைத் தாண்டித்தான் போக வேண்டும். 660 நானோமீட்டரைவிட 800, 900 பக்கம் மெலனின் குறைவாகத்தான் உறிஞ்சும், ஆனால் உறிஞ்சவே செய்யாது என்று இல்லை. நாளை ஏதாவது ஒரு ஒளிக்கருவி நம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தால், டெண்டரில் விலையோடு சேர்த்து ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்: இது என்ன நிறத் தோல் உள்ள, எத்தனை பெண்களிடம் சோதிக்கப்பட்டது?